நகல் விண்டோஸ் ஆகுமானதா?

இறைச்சி வாங்கும்போது அறுத்தவர் யார், பிஸ்மி சொன்னாரா என்று விசாரிக்கிறோம். பிள்ளையின் மடிக்கணினியில் ஓடும் விண்டோஸ் எப்படி வந்தது என்று விசாரிப்பதில்லை. எம்.ரெட்டியபட்டியில் கணினி பழுதானால் அருப்புக்கோட்டைக்குத் தூக்கிச் செல்கிறோம். சில நூறு ரூபாய்க்கு ஏற்றித் தரப்படுவது உரிமமுள்ளதா, களவு நகலா? 'அமெரிக்கக் கம்பெனிக்கு இதில் என்ன நஷ்டம்?' என்கிறோம். செல்வந்தன் பொருளும் பிறர் பொருள்தானே! எழுத்து, கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமை ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டது, அதில் அத்துமீறலாகாது என்று 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது.

வாங்க வசதியில்லாதவர் என்ன செய்வார்? லினக்ஸ் இருக்கிறது. நகலெடுக்கவும் பிறருக்குக் கொடுக்கவும் ஆக்கியோரே அனுமதித்தது அது. 2011-ல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனத்தின் பாஸ் லினக்ஸும் இருந்தது. நம் வீடுகளில் அதைத் திறந்து பார்த்தவர் எத்தனை பேர்?

சிரமம் உண்டு, மறைப்பானேன்? சில அச்சு இயந்திரங்கள் முரண்டு பிடிக்கும். டேலி நேரடியாக ஓடாது. கணக்கு எழுதிப் பிழைப்பவர் விண்டோஸுக்கு உரிமம் வாங்கிவிடுவதே மேல். பிள்ளைகளின் பாடத்துக்கும், கிராஅத் கேட்பதற்கும், கடிதம் தட்டுவதற்கும் லினக்ஸ் தாராளமாகப் போதும். முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். கணினியில் இருப்பது எதுவும் அழியாது.