ருசி பார்த்தவள்

கோட்டுச்சேரிமேட்டு வெக்கையில் சாக்லேட் வெளியே நிற்காது. அதிலும் நான் செய்வது ஜப்பானில் 'நாமா' என்று சொல்லும் மிருதுவான வகை. 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, 100 மில்லி க்ரீமை ஓரத்தில் நுரை கட்டும்வரை சூடாக்கி அதன்மேல் ஊற்ற வேண்டும். ஒரு நிமிடம் விட்டு, நடுவிலிருந்து மெதுவாகக் கிளறினால் பளபளவென்று ஒன்றுசேரும். சூடு மிஞ்சினால் எண்ணெய் பிரிந்துவிடும். ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம் வைத்து, வெந்நீரில் நனைத்துத் துடைத்த கத்தியால் வெட்டி, கோகோ பொடி தூவ வேண்டும்.

முதல்முறை 25 துண்டுகள் வந்தன. அத்தைக்கு, கணவருக்கு, பிள்ளைகளுக்கு, நாத்தனார் வீட்டுக்கு, எதிர்வீட்டு அக்காவுக்கு என்று பிரித்தேன். கணக்கு சரியாக இருந்தது. "நீ சாப்பிட்டியாம்மா?" என்று அத்தை கேட்டார். "ருசி பாத்தேன் அத்தை" என்றேன். கத்தியில் ஒட்டியிருந்ததை நக்கியிருந்தேன், பொய்யில்லை. பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. ருசி பார்ப்பது பிறருக்காகச் செய்யும் வேலை. அதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதிக்கொள்ளப் பழகியிருக்கிறோம்.

என்னை யாரும் தடுக்கவில்லை. அதனால்தான் கேள்வி கடினமாகிறது. இதை அன்பு என்பதா, பழக்கம் என்பதா? எனக்கென்று ஒரு பங்கு இருந்து அதை எடுத்துக் கொடுத்தால் அது கொடை. பங்கே ஒதுக்காதவள் எதைக் கொடுத்தாள்? பரிமாறினாள், அவ்வளவுதான்.

காரைக்காலில் ஆனி மாதந்தோறும் மாங்கனித் திருவிழாவில் மாம்பழங்களை வாரி இறைக்கிறோம். புனிதவதியின் கதையில் கனிகளை எண்ணிப் பாருங்கள். கணவன் அனுப்பியவை இரண்டு. ஒன்று அடியாருக்கு, ஒன்று கணவனுக்கு. அவன் இன்னொன்றும் கேட்க, இறைவன் அருளிய கனியும் அவன் இலைக்கே போனது. நம்பாமல் மறுபடி கேட்டான். அடுத்து வந்த கனி அவன் கையில் மறைந்தது. நான்கு கனிகளில் அவளுக்கென்று ஒன்றும் இல்லை. அவள் சாப்பிட்டாளா என்று நாமும் கேட்டதில்லை.

ஜப்பானிலும் இந்தக் கணக்கு உண்டு. பிப்ரவரி 14 அன்று பெண்கள் உடன் வேலை பார்க்கும் ஆண்களுக்குக் கொடுக்கும் சாக்லேட்டுக்கு 'கிரி சோகோ' என்று பெயர். கிரி என்றால் கடமை. 2018இல் சாக்லேட் விற்கும் கொடைவா நிறுவனமே, இந்த வழக்கத்தை விட்டுவிடலாம் என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்தது. தனக்கென்று வாங்கிக்கொள்வதற்கும் அங்கே ஒரு பெயர் இருக்கிறது: 'ஜிபுன் சோகோ'. ஜிபுன் என்றால் தான். நம் அடுக்களையில் அதற்கு என்ன பெயர்? தின்னிப் பண்டாரம் என்பார்கள்.

அடுத்தமுறை வெட்டியதும் நான்கு துண்டுகளை முதலில் எனக்கென்று எடுத்து வைத்தேன். கை கூசியது. மூன்றை உட்கார்ந்து சாப்பிட்டேன். மகள் வந்து பார்த்தாள். நான்காவதை அவளுக்குக் கொடுத்தேன். அன்று நான் கொடுத்தது அந்த ஒன்றுதான்.