வஸ்திரத்தின் விலை

தியானிக்க: ஆதியாகமம் 27:15-27, யாக்கோபு 5:4, லூக்கா 3:11



இந்த மாதம் ஒரு சட்டையைக் குறித்து எழுதும்படி ஆவியானவர் என்னை ஏவினார். "என்ன பாஸ்டர், சட்டைக்கெல்லாமா ஒரு செய்தி?" என்று சிலர் கேட்கலாம். பொறுமையாய் வாசியுங்கள். இந்தச் செய்தியால் கர்த்தர் முதலில் அடித்தது என்னைத்தான்.

போன கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கக் குடும்பமாக விளக்குத்தூண் பக்கம் போனோம். பத்தாம் வகுப்பு படிக்கிற என் மகனுக்குப் பெரிய கம்பெனிச் சட்டைமேல் ஆசை. ஷோரூமில் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். 1,999 ரூபாய்! சத்தமில்லாமல் வெளியே வந்துவிட்டேன். தெருவோரக் கடையில் அதே பேர், அதே சின்னம் போட்ட சட்டை 350 ரூபாய்க்குத் தொங்கியது. கடைக்காரத் தம்பி ஒளிவுமறைவில்லாமல், "ஃபர்ஸ்ட் காப்பி சார், ஒருத்தரும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். மகனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பஸ்ஸில் வரும்போது, "பார்த்தியா, மூவாயிரத்து முந்நூறு ரூபாய் மிச்சம்!" என்று மனைவியிடம் பெருமையடித்தேன். கிறிஸ்துமஸ் ஆராதனையில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எபேசியர் 6-ம் அதிகாரத்திலிருந்து சத்தியம் என்னும் கச்சையைப் பற்றிப் பிரசங்கித்தேன்.

ஆராதனை முடிந்ததும் நம் சபையில் வளர்ந்த ஒரு தங்கச்சி ஜெபத்துக்கு வந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. ஜெபித்து முடித்து நிமிர்ந்தவள் கண் என் காலரில் நின்றது.

"பாஸ்டரய்யா, தப்பா நினைக்காதீங்க. இது டூப்ளிகேட்தானே? லேபிள் கோணலா கிடக்கு. காலர் தையலும் நேராப் போகல. பீஸ் ரேட்டுக்கு அவசரமாத் தச்சது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "என்னம்மா செய்ய? ஒரிஜினல் ரெண்டாயிரம் சொல்றானே" என்றேன்.

"அந்த ரெண்டாயிரத்துல எங்க கைக்கு என்ன வந்துரும், ஐயா? காலையில எட்டரைக்கு உக்காந்தா ராத்திரி எட்டரைக்குத்தான் எந்திரிக்கிறோம். ஒன்றரை ஷிப்டு. டூப்ளிகேட் தைக்கிற எடத்துல இ.எஸ்.ஐ., பி.எஃப். ஒண்ணும் கிடையாது. ஊசி விரல்ல ஏறுனாலும் துணியச் சுத்திக்கிட்டுத் தைக்கணும். முன்னாடி நான் இருந்த பெரிய கம்பெனியில அதெல்லாம் உண்டு, ஆனா ஓவர்டைம் காசு முழுசா வராது. ரெண்டு சட்டையையும் தைக்கிறது எங்க கைதான் ஐயா."

பிரியமானவர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. லூக்கா 14:28-ல் கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவர் போதித்தாரே! நானும் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன்.

1. போலிச் சட்டையின் விலை

முதலில் உலகக் கணக்கு. அந்த 350 ரூபாய்ச் சட்டை இரண்டாவது துவைப்பிலேயே சாயம் போனது. பத்துத் தடவை போட்டபின் கரித்துணியாகிவிட்டது. ஒரு தடவைக்கு 35 ரூபாய்! நம் தெரு டெய்லரிடம் துணி, தையல்கூலி சேர்த்து 700 ரூபாய்க்குத் தைத்த வெள்ளைச் சட்டையை இரண்டு வருஷமாக ஞாயிறுதோறும் போடுகிறேன். நூறு தடவைக்குமேல் ஆகிவிட்டது. ஒரு தடவைக்கு 7 ரூபாய்கூட இல்லை.

ஆனால் பெரிய விலை இனிமேல்தான். சட்டை டூப்ளிகேட் என்று மகனிடம் சொன்னேன். அவன் முகம் மாறியது. "டியூஷன்ல எல்லார்கிட்டயும் அப்பா ஷோரூம்ல எடுத்ததுன்னு சொல்லிட்டேன்ப்பா" என்றான். "ஏன்டா பொய் சொன்ன?" என்று அதட்டினேன். "சட்டையிலயே பொய்யாத்தானே எழுதியிருக்கு? நீங்களும் அதைப் போட்டுட்டுத்தானே பிரசங்கம் பண்ணீங்க?" என்று கேட்டான். எனக்குப் பதில் இல்லை.

ஏசாவின் வஸ்திரத்தை யாக்கோபு தானாக எடுத்து உடுத்தவில்லை. உடுத்திவிட்டது பெற்ற தாய்! கண் மங்கிய ஈசாக்கு அந்த வஸ்திரத்தின் வாசனையை முகர்ந்து ஏமாந்தான். ஆட்டுக்குட்டிகளின் தோலையும் அண்ணன் வஸ்திரத்தையும் வைத்துத் தகப்பனை ஏமாற்றிய அதே யாக்கோபை, பிற்காலத்தில் அவன் பிள்ளைகள் வெள்ளாட்டு இரத்தத்தில் தோய்த்த யோசேப்பின் அங்கியைக் காட்டி ஏமாற்றினார்கள் (ஆதியாகமம் 37). விதைத்தது அதே விதமாக முளைத்தது. பெற்றோரே, நம் பிள்ளைகளுக்கு நாம் எதை உடுத்திவிடுகிறோம்?

போலி வணிகக் குறி போட்ட சரக்கை விற்பது 1999-ம் வருஷ வணிகக் குறிச் சட்டப்படி ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறைக்குரிய குற்றம். வாங்குகிற நாம் தப்பிவிடலாம். ஆனால் நம் காசில்தான் அந்த வியாபாரம் நடக்கிறது.

நம் மதுரையையே பாருங்கள். சுங்குடிச் சேலைக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண்கள் துணியை நகத்தால் கிள்ளி, நூலால் ஆயிரக்கணக்கான முடிச்சுகள் போட்டுச் சாயத்தில் முக்கினால்தான் அந்தப் புள்ளிகள் வரும். இன்றைக்கு அச்சில் புள்ளி வைத்த சேலையும் சுங்குடி என்ற பேரிலேயே விலைபோகிறது. முடிச்சுப் போடுகிற கைகள் குறைந்துவிட்டன. நகல் மலிவு என்கிறோம். அந்த மலிவுக்கு யாரோ ஒருவருடைய பிழைப்பு போகிறது.

2. ஒரிஜினல் சட்டையின் விலை

"அப்படியானால் ஷோரூமில் எடுத்தால் பரிசுத்தம்தானே?" என்று சொல்லிவிடாதீர்கள். கூலிக்காரரிடமிருந்து பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் சேனைகளின் கர்த்தருடைய செவியில் ஏறுகிறது என்று யாக்கோபு 5:4 எச்சரிக்கிறது. லேபிள் உண்மையாக இருந்தால் அந்தக் கூக்குரல் அடங்கிவிடுமா?

2013 ஏப்ரல் 24-ல் வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இடிந்து 1,100 பேருக்குமேல் மடிந்தார்கள். முந்தின நாளே சுவரில் வெடிப்பு கண்டது. கீழே இருந்த வங்கியையும் கடைகளையும் மூடிவிட்டார்கள். தையல் வேலைக்காரரை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். இடிபாடுகளில் கிடைத்த லேபிள்கள் மேல்நாட்டுப் பெரிய கம்பெனிகளுடையவை, அசல் லேபிள்கள்!

அவ்வளவு தூரம் போவானேன்? திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணைவரை கெட்டு, விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிற்று. நம் விளாங்குடி வழியாகப் போகிற ரோடு போய்ச் சேருகிற திண்டுக்கல்லின் பேரிலேயே 2022-ல் ஓர் ஒப்பந்தம் உண்டானது. ஆலையில் வேலைசெய்யும் பெண்களைத் துன்புறுத்தலிலிருந்து காக்கப் பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமும் ஏற்றுமதிக் கம்பெனியும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் கையெழுத்திட்டார்கள். இதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! ஆனால் அப்படி எழுதி வாங்கவேண்டிய நிலைமை இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

3. பெருமையின் விலை

பெந்தெகொஸ்தே சபையாராகிய நாம் காதிலும் கழுத்திலும் நகை போடுவதில்லை என்று சாட்சி சொல்லுகிறோம். நல்லது. ஆனால் கழற்றிய நகையைச் சட்டைப்பைமேல் சின்னமாகக் குத்திக்கொண்டால் என்ன பிரயோஜனம்? 350-க்கு வாங்கினாலும் 1,999-க்கு வாங்கினாலும் நான் தேடியது துணியை அல்ல, அந்தப் பேரை. அதை ஆவியானவர் எனக்கு உணர்த்தினார்.

இல்லாதவர்களைக் குற்றப்படுத்த இதை எழுதவில்லை. பேர் இல்லாத சாதாரணச் சட்டையை மலிவாக எடுப்பது பாவமே அல்ல. கடன் வாங்கிக் கம்பெனிச் சட்டை எடுக்கவும் வேண்டாம். தேவையானதை வாங்குங்கள், கிழிந்தால் தைத்துப் போடுங்கள். நம் தெரு டெய்லரிடம் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கட்டும் என்று யோவான்ஸ்நானன் போதித்ததை வீட்டு பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு தியானியுங்கள்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் இதையெல்லாம் சபைக்குமுன் அறிக்கை செய்தேன். என் மகனிடமும் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் டியூஷனில் அவனே போய், "அது டூப்ளிகேட்டுடா" என்று சொல்லிவிட்டான். சிலர் சிரித்தார்களாம். "ஆனா இப்ப லேசா இருக்குப்பா" என்றான். அல்லேலூயா!

ஜெபிப்போமா? "ஆண்டவரே, நாங்கள் மலிவாய் வாங்கியதற்கு மற்றவர்கள் கொடுத்த விலையை எங்களுக்குக் காட்டும். எங்கள் துணியைத் தைத்த கைகளை ஆசீர்வதியும், அவர்களுடைய கூலி அவர்கள் கைக்கு வந்துசேரட்டும். எங்கள் பிள்ளைகளுக்கு உண்மையை உடுத்திவிட எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் பிதாவே, ஆமென்."

கிறிஸ்துவின் ஊழியத்தில்,
உங்கள் போதகர்,
விளாங்குடி