பசிக்கு எத்தனை ஆண்டு விலக்கு?

பெற்ற தாய் பசியால் வாடும்போது, சான்றோர் பழிக்கும் வேலையைச் செய்தாவது அந்தப் பசியைத் தீர்க்கலாமா? திருக்குறளின் 66ஆம் அதிகாரமான வினைத்தூய்மை, கூடவே கூடாது என்கிறது. உரை எழுதவந்த பரிமேலழகர் அதை அப்படியே விட்டுவிட்டு நகரவில்லை. முதிர்ந்த பெற்றோரும் மனைவியும் குழந்தையும் பசியால் வருந்தினால், தகாதன செய்தும் அவர்களைக் காக்கலாம் என்ற பொதுவிதி அறநூல்களில் இருப்பதை அவர் எடுத்துக்காட்டுகிறார். அந்த விதியை அவர் மறுக்கவும் இல்லை. அதிகாரம் பேசுவது அமைச்சரைப் பற்றி. அரசின் தொழிலுக்கு உரியவராய், ஊரார் மதிப்பைப் பெற்று நிற்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது என்று விளக்கம் சொல்கிறார்.

பசித்த குடும்பத்தானுக்கு ஒரு நீதி, அமைச்சருக்கு வேறொரு நீதி. மும்பையில் சட்டம் படித்து முடித்துவிட்டு, எந்த நிறுவனத்தில் சேருவது என்று யோசிக்கும் தமிழ் இளைஞர் முன்னால் இந்த உரை ஒரு கேள்வியை வைக்கிறது. வழக்கறிஞர் இந்த இருவரில் யார்?

மும்பையில் சட்ட நிறுவனங்களுக்கு நீண்ட வரலாறு உண்டு. க்ராஃபோர்ட் பெய்லி 1830இல் தொடங்கியது, லிட்டில் அண்ட் கம்பெனி 1856இல், முல்லா அண்ட் முல்லா 1895இல். 1917இல் பிறந்த அமர்சந்த் மங்கள்தாஸ் 2015இல் சகோதரர்களிடையே இரண்டாகப் பிரிந்தது. சொலிசிட்டர் என்ற தனிப் பிரிவு 1970களிலேயே சட்டப்படி மறைந்துவிட்டது. ஆனாலும் பம்பாய் இன்கார்ப்பரேட்டட் லா சொசைட்டி நடத்தும் சொலிசிட்டர் தேர்வுக்கு இன்றும் மதிப்பு இருக்கிறது. மூன்றாண்டு ஆர்ட்டிகிள்ஷிப் முடித்தவர்கள் எழுதுகிறார்கள்.

பெரிய கார்ப்பரேட் நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவரின் சம்பளம் மாதம் லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. நீதிமன்றத்தில் வாதாடும் ஒரு சீனியரிடம் ஜூனியராகப் போனால் கதை வேறு. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சமாகக் கொடுக்க வேண்டும் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சில், நகரங்களுக்கு 20,000, கிராமப்புறங்களுக்கு 15,000 என்று நாடு முழுவதற்கும் பரிந்துரைத்தது. அது பரிந்துரை மட்டுமே, கட்டாயம் இல்லை.

இந்த எண்கள் எல்லோர் வீட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாகச் சொந்த வீட்டில் வாழும் குடும்பத்துப் பையன், நல்ல சீனியர் ஒருவரின் சேம்பரில் நான்கு ஆண்டுகள் சும்மா உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். திருநெல்வேலியிலிருந்து தோல் பட்டறை வேலைக்கு வந்தவர்களின் பேத்தியாகத் தாராவியில் ஓர் அறை வீட்டில் வளர்ந்து, வீட்டின் முதல் பட்டதாரியாக, வழக்கறிஞர் பதிவுச் சான்றான சனத் வாங்கும் பெண்ணால் நான்கு மாதம்கூடக் காத்திருக்க முடியாது. அவருக்கு அறநூலின் பொதுவிதி பொருந்தும். பெரிய சம்பளத்தை அவர் ஏற்பதைக் குறை சொல்லும் தகுதி, வாடகைக் கவலையே அறியாதவர்களுக்குக் கிடையாது.

வழக்கறிஞர்கள் பலர் இந்தக் கேள்வியே தேவையில்லை என்பார்கள். யார் கேட்டாலும் வாதாடுவதுதான் தொழில் தர்மம் என்பது அவர்கள் பதில். பார் கவுன்சில் விதிகளும் அப்படித்தான் சொல்கின்றன: தகுந்த கட்டணம் தரும் கட்சிக்காரரின் வழக்கை வழக்கறிஞர் ஏற்க வேண்டும், சிறப்புக் காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். இதன் அருமை கோயம்புத்தூரில் வெளிப்பட்டது. வழக்கறிஞர்களுக்கும் போலீசாருக்கும் ஏற்பட்ட மோதலுக்குப் பிறகு, குற்றம்சாட்டப்பட்ட போலீசாருக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று அங்கே வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஊரே வெறுக்கும் மனிதருக்கும் ஒரு வழக்கறிஞர் வேண்டும். அதில் ஐயமில்லை.

ஆனால் அந்த விதி நீதிமன்றத்துக்கும் தீர்ப்பாயத்துக்கும் உரியது. நிறுவன இணைப்பு, நிலப் பரிமாற்றம், டெண்டர் ஆவணம், கடன் ஒப்பந்தம் போன்ற வேலைகளுக்கு அது ஒரு கேடயமாகாது. அங்கே வழக்காடும் எதிர்த்தரப்பும் இல்லை, நீதிபதியும் இல்லை. கட்சிக்காரரை நிறுவனமே விரும்பித் தேர்ந்துகொள்கிறது. புதிதாகச் சேர்ந்த ஜூனியருக்கோ எந்த ஃபைல் என்று தேர்ந்துகொள்ளும் உரிமையே இல்லை. மேசைக்கு வந்ததை முடிக்க வேண்டும். ஆகவே அவர் வாழ்வில் அறம் சார்ந்த தேர்வு நிகழும் இடம் ஒன்றே ஒன்று: எந்த வாசலுக்குள் நுழைகிறார் என்பது.

புத்தர் காட்டிய எண்வழிப் பாதையில் நல்ல பிழைப்பும் ஒரு படி. அங்குத்தர நிகாயம் இல்லறத்தார் விலக்க வேண்டிய ஐந்து வணிகங்களைச் சொல்கிறது: ஆயுதம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு. இதில் சட்டத் தொழில் இல்லை. ஆனால் பட்டியலுக்கு அடியில் உள்ள பார்வை கவனிக்கத்தக்கது. ஆயுதம் விற்பவர் யாரையும் கொல்வதில்லை, நஞ்சு விற்பவர் யாருக்கும் ஊட்டுவதில்லை. விற்ற பொருள் பிறர் உடலில் என்ன செய்கிறது என்பதை வைத்தே அந்தப் பிழைப்பு எடைபோடப்படுகிறது. ‘நான் தாளில் எழுதிக் கொடுத்தேன், அவ்வளவுதான்’ என்ற சமாதானம் அங்கே எடுபடாது. பரிமேலழகர் செய்பவரின் நிலையைக் கேட்கிறார். புத்தர் செய்பொருள் போய்ச் சேரும் இடத்தைக் கேட்கிறார். இளம் வழக்கறிஞருக்கு இரண்டு கேள்விகளும் வேண்டும்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் தழுவிய அம்பேத்கருக்கு, தொழில் தொடக்கத்தில் இந்தத் தேர்வே வாய்க்கவில்லை. லண்டன் கிரேஸ் இன்னில் பாரிஸ்டர் பட்டம் பெற்று 1923இல் அவர் பம்பாயில் பதிவு செய்தபோது, உயர் நீதிமன்றத்தின் ஒரிஜினல் சைட் வழக்குகள் சொலிசிட்டர்கள் வழியாகத்தான் பாரிஸ்டருக்கு வரும். தீண்டாமை அந்த வழியை அடைத்தது. மாவட்ட நீதிமன்றங்களின் சிறு வழக்குகளை ஏற்றார். 1925 முதல் 1928 வரை பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் வணிகச் சட்டம் கற்பித்துப் பிழைப்பை ஓட்டினார். பின்னாளில் மாட்டுங்காவை ஒட்டிய தாதர் இந்து காலனியில் அவருடைய வீடான ராஜகிருகம் எழுந்தது. 1935இல் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார். நிறுவனங்களில் எதைத் தேர்வது என்று ஒருவர் யோசிக்க முடிகிறது என்றால், அந்த நிறுவனங்கள் முதலில் அவருக்குக் கதவைத் திறந்திருக்க வேண்டும்.

இன்றைய தாராவியில் ஒரு ஃபைல் என்றால் என்ன? மறுசீரமைப்புத் திட்டத்தின் ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் விலைகூறி வென்றது. எதிர்த்து செக்லிங்க் நிறுவனம் தொடுத்த வழக்கை 2024 டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2000 ஜனவரி 1க்கு முன் குடியேறியதற்குச் சான்று காட்டும் தரைத்தளக் குடும்பத்துக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். மற்றவர்களுக்கு ஏற்பாடு வெளியே. பழைய ரேஷன் கார்டு, மின் ரசீது, வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கம் ஆகியவற்றில்தான் ஒரு குடும்பத்தின் முகவரி நிற்கிறது. இத்திட்டத்தில் அரசுக்கும் கட்டுமான நிறுவனத்துக்கும் வழக்கறிஞர்கள் தேவை. அவர்கள் செய்வது பாவம் என்று சொல்வது பொய்யாகும். திருத்தமாக எழுதப்பட்ட ஒப்பந்தம் குடியிருப்பவரையும் காக்கும். ஆனால் அந்தத் தரப்பின் மேசையில் ஆட்கள் நிறைந்திருக்கிறார்கள். தகுதி மறுக்கப்பட்டவரின் மேல்முறையீட்டை எழுதும் மேசையில் ஆள் குறைவு.

அந்த மேசையின் பெருமையைத் தமிழர் ஒருவரின் கதை சொல்லும். வறட்சியால் வேலையிழந்து 1961இல் சேலத்திலிருந்து பம்பாய் வந்த அவர், நெடுஞ்சாலை நடைபாதையில் குடிசை போட்டு, நாளுக்கு 23 ரூபாய் கூலியில் குடும்பம் நடத்தினார். 1981 ஜூலையில் மாநகராட்சி குடிசையை இடித்து, குடும்பத்தோடு அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றியது. மனைவி மக்களை ஊரில் விட்டு வேலைக்காக அவர் திரும்பிவந்தார். வழக்கில் மனுதாரரும் ஆனார். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று இன்று ஒவ்வொரு சட்ட மாணவரும் படிப்பது அதைத்தான். 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம், உயிர் வாழும் உரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. முறைப்படி அறிவித்து வெளியேற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னதால் வெற்றி முழுமையானதல்ல. ஆனால் பிழைப்பு என்ற சொல்லுக்கு அரசியல் சாசனத்தில் இடம் வாங்கிக் கொடுத்தது, நடைபாதைக்காரருக்காக வாதாட முன்வந்த வழக்கறிஞர்கள்தான்.

பசி தீர்ந்த பிறகு என்ன ஆகிறது என்பதற்கு வழக்கறிஞர் ஃபாலி நாரிமன் சான்று. 1950இல் பம்பாயில் தொழில் தொடங்கிய அவர், 1975இல் நெருக்கடி நிலை வந்தவுடன் கூடுதல் சொலிசிட்டர் ஜெனரல் பதவியை உதறினார். அதே மனிதர் போபால் விஷவாயு வழக்கில் யூனியன் கார்பைடுக்காக ஆஜரானார். 1989 பிப்ரவரியில் வழக்கு 47 கோடி டாலருக்குச் சமரசமானது. மீண்டும் வாய்ப்பு வந்தால் அந்த வழக்கை ஏற்கமாட்டேன் என்று பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவர் வீட்டில் யாரும் பசித்திருக்கவில்லை. அவர் பரிமேலழகரின் அமைச்சர் நிலைக்கு எப்போதோ வந்துவிட்டவர். அந்த வருத்தம் நேர்மையானது, ஏனெனில் அந்த நிலைக்குரிய அளவுகோலால் தன்னை அவரே அளந்துகொண்டார்.

வழக்கறிஞர் தொழில் மற்ற வேலைகளைப் போன்றதன்று. நீதிமன்றத்தில் வாதாடும் உரிமையை 1961ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்கே ஒதுக்கியிருக்கிறது. நீதிமன்றம் அவர்களைத் தன் அலுவலர்களாகக் கருதுகிறது. அந்த அளவில் அவர்கள் அமைச்சருக்கு நெருங்கியவர்கள். ஆனால் சனத் வாங்கிய மறுநாளே யாரும் அமைச்சராவதில்லை. குடும்பத்தானாகத் தொடங்கி, கடன் அடைய அடைய, பெயர் வளர வளர அந்தப் பக்கம் நகர்கிறார்கள். பசி தரும் விலக்கும் அதே வேகத்தில் தேய்கிறது. அடைந்துபோன கடனைக் காரணம் காட்டிப் பத்தாம் ஆண்டிலும் யாரும் அதைக் கோர முடியாது.

எனவே நேர்காணலில் சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் கேட்டறிவது நல்லது. நிறுவனத்தின் கட்சிக்காரர்கள் யார்? ஒரு ஃபைல் வேண்டாம் என்று சொன்ன ஜூனியர் இதுவரை உண்டா, அவர் இன்னும் அங்கே இருக்கிறாரா? ஏழைகளுக்குச் சட்ட உதவி செய்வது கடமை என்கிற பார் கவுன்சில் விதிக்கு அங்கே வேலை நேரம் ஒதுக்கப்படுகிறதா? கற்றுக்கொண்ட தொழிலை வெளியேறும்போது கையோடு கொண்டுபோக முடியுமா? இவற்றுக்கு நல்ல பதில் தரும் பெரிய நிறுவனமும் உண்டு, தராத சிறிய சேம்பரும் உண்டு.

மீதிப் பொறுப்பு சமூகத்தினுடையது. மாட்டுங்காவில் 1923இல் ஆஸ்திக சமாஜத்தையும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் உருவாக்கியவர்கள், கோயிலும் பள்ளியும் இல்லாமல் இங்கே குடும்பங்கள் வேர் பிடிக்காது என்று கண்டவர்கள். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் உள்ள சபாக்களும் சங்கங்களும் சனத் பெற்ற பிறகான முதல் இரண்டு ஆண்டுகளையும் படிப்புக் காலமாகவே கருத வேண்டும். மாதம் 20,000 வீதம் ஒருவருக்கு 4,80,000 ரூபாய் ஆகும். அதைப் பெற்ற பிறகும் தாராவிப் பெண் கார்ப்பரேட் நிறுவனத்துக்கே போகலாம். அது அவர் உரிமை. வேறு மேசைக்குப் போக விரும்பினால், வரும் சில ஆண்டுகளில் சொந்தத் தெருவிலேயே அவருக்கு வேலை காத்திருக்கிறது. தகுதிப் பட்டியல்கள் இப்போதே தயாராகிக்கொண்டிருப்பதால், உதவி நிதியை அடுத்த தலைமுறைக்கென்று தள்ளிப்போட முடியாது.