கிண்ணத்தின் கசப்பு

கோடைகாலத்து மாலைகளில் இலண்டன் வீடுகளிலே ஒரு பானம் தயாராகின்றது. உயரமான கிண்ணத்தை ஐஸ்கட்டிகளால் நிரப்பி, 50 மில்லிலீற்றர் ஜின்னும் அதன் மும்மடங்கு டொனிக் நீரும் வார்த்து, தேசிக்காய்த் துண்டொன்றைப் பிழிந்து, வெள்ளரிக்காய்ச் சீவலிட்டு, ஒருமுறை மாத்திரம் மெதுவாகக் கலக்குகின்றனர். அதிகம் கலக்கினால் வாயு வெளியேறிவிடும்.

இந்த எளிய இன்பத்தில் ஒழுக்கப் பிரச்சினை ஏதேனும் உண்டா? மதுவே பாவம் என்பர் ஒருசாரார். என் வீட்டில் நான் அருந்துவது என் சொந்த விடயம் என்பர் மற்றொருசாரார். இருவரும் கிண்ணத்தை ஏந்திய கையை மாத்திரமே நோக்குகின்றனர். கிண்ணத்துள் இருப்பது எவ்வழியே வந்தது என்று கேட்பதில்லை.

18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜின் இலண்டன் ஏழைகளின் மலிவான பானம். 1736இல் பாராளுமன்றம் அதன் சில்லறை விற்பனைக்கு 50 பவுண் அனுமதிக் கட்டணம் விதித்தது. 1751இல் ஹோகார்த் 'ஜின் சந்து' என்னும் சித்திரத்தில் அதன் சீரழிவைத் தீட்டினார். குடி குடும்பங்களை அழித்தது உண்மையே. ஆயின், சட்டம் கண்டித்தது போத்தலை. ஏழையை அதனிடம் துரத்திய வறுமையை அன்று. சேரியில் குற்றமாயிருந்த அதே பானம் பின்னர் மாளிகைப் புல்வெளியில் நாகரிகமாயிற்று.

டொனிக் நீரின் கசப்புக்கும் எமக்கும் நெருங்கிய தொடர்புண்டு. அது கொயினாவின் கசப்பு. சிங்கோனா மரப்பட்டையிலிருந்து 1820இல் பிரித்தெடுக்கப்பட்ட கொயினா, மலேரியாவுக்கு மருந்து. தென்னமெரிக்க அந்தீசு மலைகளுக்குரிய அம்மரம் 1861இல் ஹக்கலைக்கு வந்தது. கோப்பியை நோய் அழித்தபின் துரைமார் அதனைப் பெருமளவிற் பயிரிட்டனர். தோட்டத் தொழிலாளர் பட்டை உரித்தனர். 1880களில் உற்பத்தி மிகுந்து விலை வீழ்ந்ததும் அதனைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறினர். எதைப் பயிரிடுவது என்று தீர்மானித்தது மக்களின் காய்ச்சலன்று, சந்தையின் விலை.

1934-35இல் இந்நாட்டில் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்தது. மருந்தோடு கிராமங்களுக்குச் சென்ற சூரியமல் இயக்கத்தினர் கண்டது காய்ச்சலை மாத்திரமன்று, பசியையுமே. மெலிந்த உடலுக்குக் கொயினா மட்டும் போதவில்லை, உணவும் வேண்டியிருந்தது.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்றுபெற்றது. ஆபிரிக்காவிலோ இன்றும் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அந்நோயால் மடிகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறு குழந்தைகள். நோயின் காரணத்தை மனிதன் அறிவான், மருந்தையும் அறிவான். அறிந்தது எல்லோரையும் எட்டவில்லை.

இன்பம் குற்றமென நாம் கூறவில்லை. உழைத்துக் களைத்தவனுக்குக் குளிர்ந்த பானமும் ஓய்வும் உரியவை. ஒருவனுக்குச் சுவையாக மிஞ்சுவது மற்றொருவனுக்கு மருந்தாகவும் கிட்டாத ஏற்பாடே குற்றம். அதனைக் கிண்ணத்தைக் கவிழ்ப்பதால் மாத்திரம் மாற்றவியலாது. கிண்ணத்தை ஏந்தியபடி மறந்திருப்பதாலும் மாற்றவியலாது. மாணவரோடு சேர்ந்து, பட்டை உரித்த கைகளின் வரலாற்றைக் கற்பதிலிருந்தே நாம் தொடங்குவோம்.