பேராலயத்துக்குள் துப்பாக்கி

2007 ஜூனில் இங்கிலாந்துத் திருச்சபைக்கும் சோனி நிறுவனத்துக்கும் ஒரு பூசல் மூண்டது. பிளேஸ்டேஷன் 3-க்கு வெளிவந்த 'ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன்' என்ற விளையாட்டில் மான்செஸ்டர் பேராலயத்தின் உட்புறம் அச்சு அசலாக இடம்பெற்றிருந்தது. அதன் தூண்களுக்கிடையே ஓடி ஒளிந்து, ஆட்டக்காரர் விநோத உயிர்களைச் சுட்டுத் தள்ள வேண்டும். எங்களைக் கேட்காமல் எப்படி எடுத்தாண்டீர்கள் என்றது திருச்சபை. மன்னிப்புக் கேட்கவும், விளையாட்டைத் திரும்பப் பெறவும் அல்லது காட்சியை மாற்றவும், நன்கொடை தரவும் சொன்னது. ஜூலையில் சோனி மன்னிப்புக் கேட்டது. விளையாட்டைத் திரும்பப் பெறவில்லை. இந்தப் பூசலில் இரண்டு குறைகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருந்தன. ஒன்றுக்கு எடை குறைவு, மற்றதற்கு அதிகம்.

எடை குறைந்தது அனுமதி பற்றியது. நூற்றாண்டுகளாக ஊர் நடுவே நிற்கும் கட்டடத்தின் தோற்றம் அதை நிர்வகிப்பவர்களின் தனிச்சொத்து ஆகாது. ஆகும் என்று வைத்துக்கொண்டால், மத நிறுவனத்தை விமர்சிக்கும் நாவலுக்கும் ஓவியத்துக்கும் அந்த நிறுவனமே முத்திரை குத்த வேண்டியிருக்கும். கணினியில் கட்டிய கோயில் மரியாதைக்கும் இடம் தரும் என்பதற்குப் பாரிஸின் நோத்ருதாம் பேராலயம் சான்று. 2014-இல் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி' அதை மிகுந்த உழைப்போடு வரைந்திருந்தது. 2019-இல் பேராலயம் தீப்பற்றியபோது யூபிசாஃப்ட் நிறுவனம் அந்த விளையாட்டை ஒரு வாரம் இலவசமாகக் கொடுத்தது. கூரை இழந்த ஆலயத்தை முழுமையாகப் பார்க்க, திரைக்குள்தான் போக வேண்டியிருந்தது.

எடை மிகுந்த குறை மான்செஸ்டர் ஊரைப் பற்றியது. துப்பாக்கிக் கும்பல்களால் 'கன்செஸ்டர்' என்ற கெட்ட பெயரைச் சுமந்த நகரம் அது. சுடப்பட்டு இறந்த பிள்ளைகளின் பெற்றோரைத் தேற்றும் பொறுப்பு அங்குள்ள குருமாருக்கு உண்டு. அவர்கள் மன்றாடும் இடத்தையே சுடுகளமாக்கிக் காட்டினால் வலிக்கத்தான் செய்யும். இதற்கு மறுப்பு இல்லாமல் இல்லை. விளையாட்டின் நாயகன் ஆலயத்தை இழிவுபடுத்த வரவில்லை, மனித இனத்தைக் காக்கப் போராடுகிறான். 1940 டிசம்பரில் ஜெர்மன் குண்டுவீச்சில் அதே பேராலயம் நிஜமாகவே சிதைந்திருக்கும்போது, கற்பனைப் போர் அங்கே நடக்கக் கூடாதா என்று கேட்கலாம். கூடும். போரைக் காட்டியதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் திரைப்படம் பார்ப்பவர் சாட்சி, விளையாடுபவரோ செய்பவர். தோற்றால் திரும்ப வந்து அதே இடத்தில் மறுபடி சுடுகிறார். எனவே கோயிலைக் காட்டலாமா என்று கேட்பதைவிட, கோயிலுக்குள் ஆடுபவரின் கை என்ன செய்ய வைக்கப்படுகிறது என்று கேட்பதே பொருத்தம். 'வெறும் விளையாட்டுதானே' என்ற பதில் இங்கே உதவாது. வெறும் விளையாட்டு என்றால் நிஜக் கட்டடத்தின் கனத்தைக் கடன் வாங்கியது எதற்கு?

இந்தக் கேள்விக்குத் தடையைவிட நுட்பமான விடைகள் உண்டு. 2025 மார்ச்சில் வந்த 'அசாசின்ஸ் க்ரீட் ஷாடோஸ்' விளையாட்டில் ஜப்பானின் ஹிமேஜி நகரத்து ஷின்டோ கோயில் ஒன்று இடம்பெற்றது; அதற்குள் இருந்த பொருள்களை ஆட்டக்காரர் உடைக்க முடிந்தது. நாடாளுமன்றம் வரை பேச்சு போனது. வெளியீட்டு நாளன்றே வந்த திருத்தத்தில் கோயில்களின் மேசைகளும் அடுக்குகளும் உடையாதவை ஆயின. கோயில் நின்றது, கதையும் நின்றது, உடைக்கும் செயல் மட்டும் போனது. மான்செஸ்டரிலோ, திருச்சபை பணமும் சேர்த்துக் கேட்டது, இளைஞர்களுக்காகத்தான் என்றாலும், துக்கத்தைப் பேரமாகத் தோன்றச் செய்துவிட்டது. மறுபுறம், 'ரெசிஸ்டன்ஸ்' விளையாட்டைக் கலிஃபோர்னியாவில் உருவாக்கிய படைப்பாளிகள் முன்கூட்டியே ஒரு வார்த்தை விசாரித்திருந்தால், எந்த ஊரின் எந்தக் காயத்துக்குப் பக்கத்தில் துப்பாக்கியை வைக்கிறோம் என்றாவது தெரிந்திருக்கும். தெரிந்த பிறகும் அங்கேயேதான் வைப்போம் என்று அவர்கள் முடிவெடுத்திருக்கலாம். அது அவர்கள் உரிமை. விசாரிக்காமலே வைத்ததற்கு அந்த உரிமையைக் காரணம் காட்ட முடியாது.