நிவேதனமும் இல்லறமும்

மகாளய அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் நவராத்திரியின் 9 இரவுகளிலும், கொலு வைத்த வீடுகளில் கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, காராமணி, மொச்சை என நாளுக்கொன்றாக ஊறி, வெந்து, கடுகும் மிளகாயும் தாளித்த தேங்காய்த் துருவலோடு சுண்டலாகி, உப்புக்கூடப் பார்க்கப்படாமல் அம்பிகையின் சந்நிதியில் வைக்கப்படுவதைக் காணும்போது, பசியும் தாகமும் அற்ற பரம்பொருளுக்கு உணவு எதற்கு என்னும் வினா எழுவது இயல்பே.

இலையோ, பூவோ, கனியோ, நீரோ, பக்தியோடு அளிப்பதை ஏற்பதாகக் கீதையின் 9-ஆம் அத்தியாயத்தில் அருளும் கண்ணன், தமக்கென்றே சமைப்போர் பாவத்தையே உண்கிறார்கள் என்று 3-ஆம் அத்தியாயத்தில் எச்சரிப்பதையும் சேர்த்துச் சிந்தித்தால், சமைப்பவரின் ‘எனது’ என்னும் அபிமானத்தைக் கரைப்பதற்கே நிவேதனம் ஏற்பட்டது என்பது விளங்கும். ஆகையினால்தான், படைத்த சுண்டல் அக்கணமே பிரசாதமாகி, தாம்பூலம் பெற வந்த அண்டை வீட்டாருக்கும், அவர்களோடு வந்த குழந்தைகளுக்கும் பேதமின்றி வழங்கப்படுகிறது.

ஆயினும், அத்தகைய அனுஷ்டானம் வீட்டிலுள்ள ஸ்திரீ ஒருத்தியின் சரீரப் பிரயாசையால் மட்டுமே நடைபெறுமாயின், வேளைக்கு வந்து உண்டு எழும் மற்றவர்களின் அபிமானம் எவ்வாறு கரையும்? கணவன் தேங்காய் துருவவும், மகன் பாத்திரம் துலக்கவும், பெண்கள் கோலமிடவும், யாவருடைய உழைப்பும் ஒன்றுகூடிப் படைக்கப்படும்போதே நிவேதனம் பூர்த்தியாகிறது. சக்தியை ஆராதிக்கும் இவ்விரவுகளில், அச்சக்தியின் அம்சமாக அடுக்களையில் நிற்பவளை முதலில் அமர்த்திப் பரிமாறி, அதன்பின் தாம் உண்பதே குடும்பத்தார்க்குரிய தர்மம்.