வாய்ப்பாட்டிலிருந்து பக்கவாத்தியத்துக்கு

சீடன்: ஐயா, பல ஆண்டு கர்நாடக சங்கீதம் பாடிய ஒருவர் மேடையை விட்டு இறங்கி, குடும்ப சிகிச்சை படித்து, கணவன் மனைவி பிணக்கையும் பிள்ளைகளின் முரண்டையும் கேட்க உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள், சுருதி விலகிய வீட்டைச் சுருதி சேர்க்கிறார் என்றுதான் எழுதுவார்கள். அழகான உவமை. ஆனால் உவமை சான்றாகுமா?

குரு: ஆகாது. அதை முதலில் ஓரம் வைத்துவிடுவோம். குடும்பத்துக்குத் தம்பூரா கிடையாது; ஆளாளுக்குத் தன் சுருதியே சரி என்பதால்தான் அவர்கள் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அளந்து பார்த்த செய்தி ஒன்று உண்டு, அதிலிருந்து தொடங்கலாம். லண்டனில் பிரவுன், பர்லி, விங் மூவரும் 1972இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 101 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வு. வீட்டாரைத் தனியே பேசவைத்து, நோயாளியைப் பற்றி அவர்கள் பேசும் விதத்தைக் குறித்துக்கொண்டார்கள். குத்தலோ பகையோ அளவு மீறிய ஒட்டுதலோ மிகுந்த வீடுகளுக்குப் போனவர்களில் 58 விழுக்காட்டினருக்கு ஒன்பது மாதத்துக்குள் நோய் திரும்பியது; மற்ற வீடுகளில் 16 விழுக்காட்டினருக்கு. நமக்கு வேண்டியது இதற்கு அடுத்த சங்கதி. குத்தலை அவர்கள் சொல்லை மட்டும் வைத்துக் கணக்கிடவில்லை, குரலையும் வைத்துக் கணக்கிட்டார்கள். 'பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டான்' என்று ஒரு தாய் சொன்னால், குரலின் அழுத்தத்தையும் வேகத்தையும் ஏற்ற இறக்கத்தையும் பொறுத்து அது குத்தலாகவும் இருக்கலாம், வெறும் தகவலாகவும் இருக்கலாம். தோடியிலும் கரகரப்பிரியாவிலும் இருப்பது ஒரே சாதாரண காந்தாரம். அசைவில் இரண்டும் வேறு. அந்த வேறுபாட்டிலேயே வளர்ந்த காதுக்கு இந்த வேலை அந்நியமாக இருக்காது.

சீடன்: இரண்டு தடை சொல்கிறேன். நோய் முற்றியவரோடு வாழ்கிறவர்களின் குரல் கடுமையாவது இயல்பு. காரணத்தையும் விளைவையும் நீங்கள் இடம் மாற்றிவிட்டீர்களோ? மேலும், அந்தப் பேட்டிகளை மதிப்பிட்டவர்கள் பாடகர்கள் அல்ல, பயிற்சி பெற்ற ஆய்வாளர்கள். கொஞ்ச காலத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய திறமைக்கு இருபது வருஷ சாதகம் எதற்கு?

குரு: முதல் தடை பிரவுன் குழுவினருக்கும் தோன்றியதுதான். நோயாளியின் முந்தைய நடத்தைக் கோளாற்றைக் கணக்கில் சேர்த்துப் பார்த்தபோதும் அந்தத் தொடர்பு அறுந்துபோகவில்லை. பிறகு 1982இல் லெஃப் குழுவினர் 24 குடும்பங்களை எடுத்து, பாதிப் பேரின் வீட்டாரோடும் சேர்ந்து வேலை செய்தார்கள். அந்தப் பாதியில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. எண்ணிக்கை சிறியது, திசை தெளிவு. வீட்டார்தான் குற்றவாளி என்று இதற்குப் பொருள் இல்லை. வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியது முதலே நோயாளியோடு உறவினரையும் தங்கவைத்தது, அவர்களைத் துணையாகக் கருதித்தான். இரண்டாவது தடையை அப்படியே ஏற்கிறேன். காது மட்டும் போதுமென்றால் பாடகருக்குத் தனிச் சிறப்பு ஏதும் இல்லை. கேட்டதைக் கொண்டு என்ன செய்கிறார் என்பதில்தான் வித்தியாசம், ஆபத்தும் அங்கேதான்.

சீடன்: ஆபத்து என்றால், நம் பாட்டு வகுப்பா? தவறு காதில் விழுந்த கணமே திருத்துவதுதானே அங்கே பழக்கம். பிரவுன் குழுவினர் வந்து உட்கார்ந்தால் பல வகுப்புகளுக்கு உயர்ந்த மதிப்பெண் விழும்.

குரு: விழும், மறுக்க மாட்டேன். வகுப்பில் திருத்தப்படுவது சங்கதி, ஆள் அல்ல என்று வாதாடலாம். குரல் அந்த வாதத்தை எப்போதும் காப்பாற்றுவதில்லை. அந்தப் பழக்கத்தோடு ஒருவர் குடும்பத்தின் முன் உட்கார்ந்து 'இதை வேறு தொனியில் சொல்லுங்கள்' என்று திருத்தத் தொடங்கினால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் குத்தல்களோடு புதிதாய் ஒன்று சேரும், அவ்வளவுதான். ஆகவே பாடகர் விட வேண்டியது பாட்டை அல்ல, திருத்தும் அவசரத்தை. அதற்குப் பதிலாக எதைக் கைக்கொள்வது என்பதற்கு நார்வேயின் மனநல மருத்துவர் டாம் ஆண்டர்சனிடம் ஒரு வழி இருக்கிறது. ஆடல் பியூலோ-ஹான்சன் என்ற உடலியக்க சிகிச்சையாளரின் கைகளைப் பார்த்து அவர் கற்றது அது. கை மிக மென்மையாக அழுத்தினால் நோயாளியின் மூச்சில் மாற்றமில்லை. மிகக் கடுமையாக அழுத்தினால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். அளவோடு அழுத்தினால் மூச்சு ஆழமாகிறது. கேள்வியும் அப்படித்தான் என்றார் ஆண்டர்சன். பழகிப்போன கேள்வி எதையும் அசைக்காது, மிதமிஞ்சிய கேள்வி வாயை அடைத்துவிடும். எதிரில் இருப்பவரின் மூச்சைப் பார்த்தே கேள்வியின் அளவை அறிய வேண்டும். பல்லவி எடுப்பதற்கு முன் மூச்சை அளந்து பழகியவருக்கு, மற்றவரின் மூச்சு எங்கே தடைபடுகிறது என்பது தெரியும். அவருடைய பழைய வாழ்க்கை இங்கே உண்மையாகவே பயன்படுகிறது. ஆனால் உட்காரும் இடம் மாறிவிட்டது. ஆலாபனையில் வயலின்காரர் பாடகரின் பிடியைத் தொடர்ந்து போவார், அவர் நிறுத்திய ஸ்வரத்தில் கார்வை கொடுத்துத் தாங்குவார், அடுத்த பிடியைத் தாமாக முந்த மாட்டார். இத்தனை காலம் தம்மைத் தாங்க ஒருவர் இருந்தார் என்பதையே கவனிக்காத பாடகர்கள் உண்டு. அவர்களுக்கு இந்த மாற்றம் கடினம்.

சீடன்: அப்படியானால் இந்தத் தொழிலுக்கு வயலின்காரர்தானே பொருத்தம்?

குரு: அவருக்கும் ஒரு குறை உண்டு. அவர் தொடர்ந்து பழகியது ஒரே ஒருவரை. வீட்டிலோ நாலு பேர், நாலு பேரும் முதன்மைக் கலைஞர்கள். மிலானில் செல்வினி பலாசோலி குழுவினர் 1980இல் நடுநிலைக்கு ஒரு சோதனை சொன்னார்கள்: அமர்வு முடிந்து வெளியே வரும் ஒவ்வொருவரிடமும் சிகிச்சையாளர் யார் பக்கம் என்று கேட்டால், யாராலும் சொல்ல முடியக்கூடாது. அதைக் கச்சேரி மேடை யாருக்கும் கற்றுத்தராது. மூத்தவர்கள் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து பார்க்க, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பழகித்தான் வரவேண்டும். உன் பாடகர் அதைச் செய்திருக்கிறாரா என்று முதலில் விசாரி. அவருடைய காம்போதியைப் பற்றிப் பிறகு பேசலாம்.